இனம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

மதுரையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இலங்கையில் மொத்தம் எத்தனை இனங்கள் இருக்கின்றன? அங்கே முஸ்லிம்கள் வீட்டில் தமிழ்தானே பேசுகிறார்கள், பிறகு ஏன் தமிழர் என்று சொல்லிக்கொள்வதில்லை? கொழும்பில் தமிழர் சிறுபான்மையா?" ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்காகக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறார். மூன்று கேள்வியும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. அந்த இடத்தைக் காட்டிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

நான் கொழும்பில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். 2012 மார்ச்சில் நடந்த குடிசன மதிப்பீட்டுக்காக (நீங்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்பீர்கள்) கொட்டாஞ்சேனைப் பக்கம் வீடு வீடாகப் போனவர்களில் நானும் ஒருவன். இந்த விஷயத்தில் நான் வாசித்ததையெல்லாம் விட அந்த நாட்கள்தான் எனக்குப் பெரிய படிப்பு. ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன்.

அது ஒரு 'தோட்டம்'. கொழும்பில் தோட்டம் என்றால் மரஞ்செடியை நினைக்காதீர்கள்; ஒழுங்கைக்குள் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி நிற்கும் சின்ன வீடுகள், நடுவில் பொதுக்குழாய். வீட்டுக்காரர் நீர்கொழும்புச் சிங்களவர், கத்தோலிக்கர், துறைமுகத்தில் வேலை. அவருடைய தாயார் கட்டிலில் இருந்தபடி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார், தமிழில். மகனுக்குத் தமிழ் விளங்கும்; ஆனால் எனக்குச் சிங்களத்தில்தான் பதில் சொன்னார். மனைவி மலையகத்தில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதினாலு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்தவர். மூத்த பிள்ளை சிங்கள மொழிமூலம் படித்தது, இளையது தமிழ் மொழிமூலம். படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்துக்கு வந்தேன். தனக்கும் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் சிங்களம் என்றார் அவர். மனைவியைப் பார்த்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இலங்கைத் தமிழர்னே போடுங்க சேர். இந்தியன்னு போட்டா நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்ல முடியாது. எங்க பெரியப்பா குடும்பத்தை அப்படித்தான் தலைமன்னார்ல கப்பல் ஏத்துனாங்க."

சொன்னபடி எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன். ஒரு கூரைக்குக் கீழே மூன்று தலைமுறை, இரண்டு மொழி, இரண்டு கட்டம். தமிழில் செபிக்கும் மூதாட்டி சிங்களவர். சிங்களக் கணவரோடு வாழும் மலையகப் பெண் இலங்கைத் தமிழர். இதில் யாரும் பொய் சொல்லவில்லை.

சரி, முதல் கேள்வி: எத்தனை இனங்கள்? 1871இல் ஆங்கிலேயர் முழு நாட்டுக்கும் முதல் முறையாகக் குடிசன மதிப்பெடுத்தபோது 78 'தேசியங்கள்', 24 'இனங்கள்' என்று பதிந்தார்கள். பத்து வருடம் கழித்து அடுத்த மதிப்பீட்டில் அந்தப் பட்டியல் ஒரு கைப்பிடிக்குள் சுருங்கிவிட்டது. சனம் எங்கும் போய்விடவில்லை. எண்ணுகிறவர்கள் தங்கள் வசதிக்குக் கட்டங்களைக் குறைத்தார்கள். 1911இல் தமிழர் என்ற ஒரு கட்டத்தை இரண்டாகப் பிளந்து 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' ஆக்கினார்கள். அப்போது இரு பகுதியினரும் ஏறத்தாழச் சம தொகை. சிங்களவரும் நெடுங்காலம் ஒரே கட்டத்துக்குள் இருக்கவில்லை: கரைநாட்டுச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் என்று 1971 வரை தனித்தனியாக எண்ணினார்கள், 1981இல்தான் ஒன்றாக்கினார்கள். 2001இல் இலங்கைச் செட்டி, பரதர் என்ற சிறு சமூகங்களுக்குப் புதிய கட்டங்கள் வந்தன. ஆகவே, 'எத்தனை' என்று கேட்டால், 'எந்த வருடத்துப் படிவத்தில்' என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

2012 படிவத்தின்படி, இரண்டு கோடியே மூன்றரை இலட்சம் பேரில் சிங்களவர் நூற்றுக்கு 75 வீதத்துக்குச் சற்றுக் குறைவு, இலங்கைத் தமிழர் 11, இலங்கைச் சோனகர் (முஸ்லிம்களில் பெரும்பகுதியினர்) 9, இந்தியத் தமிழர் 4. மலாயர், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர், செட்டி, பரதர் எல்லோரும் சேர்ந்தாலும் ஒரு வீதத்தை எட்டாது. வேடர்களை 'வேறு' என்ற கட்டத்தில் தேட வேண்டும். வாகரைப் பக்கம் கரையோர வேடர் தமிழ்தான் பேசுகிறார்கள், அவர்களில் பலர் தமிழர் கட்டத்துக்குள்ளேயே போய்விடுகிறார்கள்.

இதில் இந்தியத் தமிழர் எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1981இல் ஐந்தரை வீதம், 2012இல் நான்கு வீதம். பிள்ளை பெறாமல் குறையவில்லை. 1820களில் இருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரப்பட்டவர்கள் இவர்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த அந்தப் பாதையில் மாண்டவர்கள் கணக்கில்லை. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம்: ஒன்பதே முக்கால் இலட்சம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த ஒன்றரை இலட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். மனிதரைப் பங்கிட்ட கணக்கு இது. இதைப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு என்று ஆனவர்கள் ஏராளம். உங்கள் நீலகிரியிலும் கூடலூரிலும் கேட்டுப் பாருங்கள், தம்பி. இன்னும் 'சிலோன்காரர்' என்றுதான் அவர்களைச் சொல்வார்கள். இலங்கையில் தங்கியவர்களின் நாடற்ற நிலை சட்டப்படி முழுமையாகத் தீர 2003 வரை ஆனது. அந்தக் கொட்டாஞ்சேனை அம்மா 2012இல் குரலைத் தாழ்த்தியதற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. வீதம் குறைந்ததில் ஒரு பங்கு கப்பல் ஏறியவர்கள், இன்னொரு பங்கு அவரைப் போலக் கட்டத்தை மாற்றிக்கொண்டவர்கள்.

கட்டத்தை மாற்றுவது பயத்தால் மட்டும் நடப்பதில்லை. நீர்கொழும்பில் இருந்து புத்தளம் வரை அந்தக் கடற்கரையில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் நிறைய. பள்ளிக்கூடங்கள் சிங்கள மொழிமூலத்துக்கு மாறியதோடு இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டு மொழியும் மாறியது. யாரும் அடித்துத் துரத்தவில்லை. பேத்தி படித்த மொழி பாட்டியின் மொழி இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

இனி மூன்றாவது கேள்வி. கொழும்பு மாவட்டத்தை எடுத்தால் சிங்களவர் முக்கால் பங்குக்கும் மேல், நாட்டின் அளவேதான். ஆனால் மாநகர எல்லைக்குள் வந்தால் படம் மாறுகிறது. 2001 மதிப்பீட்டில் மாநகரத்தில் 6 இலட்சத்து 42 ஆயிரம் பேர்: சிங்களவர் 41 வீதம், இலங்கைத் தமிழர் 29 வீதம், சோனகர் 24 வீதம், பிறகு இந்தியத் தமிழர், மலாயர், பறங்கியர், மற்றவர்கள். நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டியவர் எவரும் இல்லை. முக்கால்வாசி ஓர் இனம் வாழும் நாட்டின் பெரிய நகரத்தில் எல்லோருமே சிறுபான்மை. உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான்.

ஆனால் எல்லோரும் சிறுபான்மை என்பதால் எல்லோருக்கும் ஒரே பயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கி நகரம் முழுக்கத் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு (பட்டியல்) இருந்தது. எந்த ஒழுங்கையில் எந்த இலக்கம் தமிழ் வீடு என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன் குசினிக்குள் இரண்டு இரவு வைத்திருந்தார். அடுப்பு மூட்டினால் ஆள் அதிகம் என்று தெரிந்துவிடும் என்று இரண்டு நாளும் பாணும் வாழைப்பழமும்தான் தந்தார். 2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரை விடியற்காலையில் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் (உங்கள் ஊரில் உச்ச நீதிமன்றம் என்பீர்கள்) அதைத் தடுத்தது. இந்த நகரத்தில் என் வயதுத் தமிழருக்கு, ஒருவர் வந்து "வீட்டில் எத்தனை பேர், என்ன இனம்" என்று கேட்டால் இன்னும் நெஞ்சு ஒரு தரம் அடிக்கும். கேட்கப் போனவன் நானாக இருந்தபோதும் அடித்தது.

இரண்டாவது கேள்விதான் தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது. நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் ஊரில் காயல்பட்டினத்தவரும் கீழக்கரையாரும் 'தமிழ் முஸ்லிம்' என்று தயங்காமல் சொல்வார்கள். இங்கே அப்படி இல்லை. படிவத்தில் 'இலங்கைச் சோனகர்', பேச்சில் 'முஸ்லிம்', அது ஓர் இனப் பெயர்.

1888இல், சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பில் ஓர் உரை வாசித்தார்: சோனகர் மொழியாலும் வழக்கத்தாலும் தமிழர்களே, மதம்தான் வேறு என்பது அதன் சாரம். மொழியை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அது சொல்லப்பட்ட நேரம் எது? சட்டசபையில் சோனகருக்குத் தனிப் பிரதிநிதி வேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். 'நீங்கள் நாங்களேதான்' என்றால், 'உங்களுக்குத் தனி ஆசனம் எதற்கு' என்பதும் அதற்குள் வந்துவிடுகிறது. அடுத்த வருடம் 1889இல் முதல் முஸ்லிம் உறுப்பினர் நியமிக்கப்பட்டார். 1907இல் முஸ்லிம் அறிஞர் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதினார். 1915இல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கலவரம் நடந்தபின், கைதான சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் லண்டன் வரை போய் வாதாடியது முஸ்லிம்களின் மனதில் ஆழமாகத் தங்கிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையையும் காசையும் பறித்துக்கொண்டே அனுப்பினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். தமிழைத் தவிர வேறொரு மொழி அறியாத குடும்பங்கள், புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் தமிழில் அழுதார்கள். தமிழர் என்ற பெயரால் துரத்தப்பட்டவரைப் பார்த்து "நீங்களும் தமிழர்தானே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாம் கேட்க வேண்டியது அவர்கள் ஏன் தமிழர் என்று சொல்வதில்லை என்பதை அல்ல. சொல்லக்கூடிய நிலையை நாம் வைத்திருந்தோமா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஆனாலும் தமிழ் மொழி அவர்களை விட்டுப் போய்விடவில்லை. மருதானையில் வாப்பா, உம்மா, ராத்தா, நானா என்று ஒலிக்கும் தமிழுக்கு ஒரு தனி இனிமை இருக்கிறது. ஆனால் கொழும்பு முஸ்லிம் பிள்ளைகளில் பலர் இப்போது சிங்கள மொழிமூலமோ ஆங்கில மொழிமூலமோ படிக்கிறார்கள். உம்மாவோடு தமிழ், நண்பர்களோடு சிங்களம். நீர்கொழும்பில் நடந்தது இங்கேயும் நடக்கலாம் என்ற கவலை, தமிழாசிரியனாக எனக்கு உண்டு.

இனம் என்ற சொல்லுக்குச் சட்டத்திலும் ஒரு பாரம் இருக்கிறது, இதைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். முஸ்லிம்களுக்குத் தனி விவாகச் சட்டம், கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், வட மாகாணத் தமிழருக்கு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1707இல் தொகுத்த தேசவழமை. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவரின் சம்மதம் வேண்டும். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் 'யாழ்ப்பாணத்து வாசியா, இல்லையா' என்று நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய வழக்குகள் வருகின்றன. தமிழர் எல்லோருக்கும் அது பொருந்தாது. மட்டக்களப்பாருக்கோ மலையகத்தாருக்கோ அது இல்லை.

சின்னஞ்சிறு சமூகங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கொழும்பைச் சொல்லிவிட்டு அவர்களைச் சொல்லாமல் விட மனம் இல்லை. கொம்பனித்தெருவில் ஜாவா லேன் என்று ஓர் ஒழுங்கை இருக்கிறது. ஒல்லாந்தர் ஜாவாவில் இருந்தும் சுற்றியுள்ள தீவுகளில் இருந்தும் படைவீரராகவும் நாடு கடத்தப்பட்டவராகவும் கொண்டுவந்தவர்களின் வாரிசுகள்தான் நம் மலாயர். 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் என்பவர் கொழும்பில் இருந்து 'அலாமத் லங்காபுரி' என்று மலாய் மொழியில் பத்திரிகை நடத்தினார், அரபு எழுத்தில். மலாய்ப் பத்திரிகை வரலாற்றிலேயே அது மிக முந்தியவற்றில் ஒன்று. 2012 மதிப்பீட்டில் நாடு முழுக்க அவர்கள் நாற்பதாயிரத்துச் சொச்சம். பறங்கியர் அதற்கும் கொஞ்சம் குறைவு. 1956இல் சிங்களம் மட்டும் அரச மொழி என்று ஆனபின் பறங்கிக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டன. புறக்கோட்டை வாசலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம் ஒரு பார்சிக் குடும்பம் தகப்பன் நினைவாக 1923இல் கட்டியது. அதைக் கடந்து போகும் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் பார்சி என்றால் யார் என்று தெரியாது. அதே புறக்கோட்டையில் பல் கட்டும் கடை வைத்திருந்த சீனர்களுக்கு, பிறந்த மண்ணில் குடியுரிமை கிடைக்க 2008இல் தனிச்சட்டம் ஒன்று தேவைப்பட்டது.

இவர்களை எண்ணிக்கையில் தேடினால் கிடைக்க மாட்டார்கள், என் வீட்டுப் பேச்சில் தேடினால் கிடைப்பார்கள். நான் இருந்து எழுதும் கதிரை, பக்கத்தில் நிற்கும் அலுமாரி, வாசலில் கழற்றிய சப்பாத்து, காலையில் தின்ற பாண், எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள். மேசையில் இழுக்கும் லாச்சி, என் தகப்பனார் வேலைக்குப் போன கந்தோர், சந்தையில் வாங்கும் போஞ்சிக்காய், இவை ஒல்லாந்தருடையவை. உடுத்தியிருக்கும் சாரம், பாணுக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பல், நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வீட்டில் இருந்து வரும் தொதல், மலாயர் தந்தவை. என் மதுரை நண்பர் ஒருவருக்கு இந்தத் தமிழ் பாதி விளங்காது. எனக்கு இதுதான் தாய்மொழி.

கட்டுரைக்கு ஒரு உதவி. அட்டவணை போடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் வருடத்தையும், அந்த வருடம் அந்தக் கட்டத்துக்கு இருந்த பெயரையும் எழுதுங்கள். 2001 மதிப்பீடு போர் காரணமாக வடக்குக் கிழக்கில் முழுமையாக நடக்கவில்லை. அந்த வருடத்தை நாட்டு மொத்தத்துக்குப் பயன்படுத்தினால் தமிழர் தொகை பிழையாக வரும். கொழும்பு மாநகரத்துக்குப் பயன்படுத்தலாம். 'தமிழ் பேசுவோர்' என்று ஒரு மொத்தம் போட விரும்பினால் போடுங்கள், அரச கரும மொழி பற்றிப் பேச அந்த மொத்தம் தேவை. ஆனால் அதை 'தமிழர்' என்ற தலைப்பின் கீழ் போடாதீர்கள்.

2024 மதிப்பீட்டில் அந்தப் பழைய கட்டத்தின் பெயரை 'இந்தியத் தமிழர் / மலையகத் தமிழர்' என்று ஆக்கினார்கள். மலையக அமைப்புகள் வருடக்கணக்காகக் கேட்டுப் பெற்றது அது. போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போயிருந்தேன். செவ்வாயில் சைவர், சிங்களவர், முஸ்லிம் எல்லோரும் வருகிற இடம். மெழுகுதிரி வரிசையில் அந்த அம்மா நின்றார். மாமியார் காலமாகிவிட்டாராம், மூத்தவன் கட்டாரில் வேலையாம். கணக்கெடுக்க வந்தார்களா என்று கேட்டேன்.

"வந்தாங்க சேர். சின்னப் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. மலையகம்னு அதுல இருக்குன்னு வாசிச்சுக் காட்டுச்சு. அப்ப அதையே போடுன்னு சொல்லிட்டேன்."